ஆர்ட் தெரபி: ஒரு படிப்பின் வரலாறும் நாஞ்சில் நாட்டின் தேவையும்

கலைச் சிகிச்சை என்பது மனநோயிலோ பேரிழப்பிலோ நாள்பட்ட உடல்நோயிலோ வாடுகிறவர் வரைந்தும் வண்ணம் பூசியும் களிமண் பிசைந்தும் தன் துயரை வெளியே கொண்டுவர, பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து துணை நிற்கும் முறை. பேச்சில் எல்லோரும் ஆர்ட் தெரபி என்றே சொல்கிறார்கள். ஓவிய வகுப்புக்கும் இதற்கும் தொலைவு அதிகம். படம் நன்றாக வந்ததா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. வரைந்தவர் அதைப் பற்றி என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் ஒதுக்குகிறார், அடுத்த வாரம் எதை வரைகிறார் என்பதே கவனிக்கப்படுகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இது முதுகலைப் படிப்பு. இந்தியாவில் இப்போதுதான் வேர் பிடிக்கிறது. குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு மாணவர் இதைப் படிக்க ஊரை விட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இந்தத் துறை பிறந்தது ஒரு காசநோய் மருத்துவமனையில். முதல் உலகப் போரைப் போர்க்களத்திலிருந்தே வரைந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். 1938இல் காசநோய் கண்டு, இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்டில் உள்ள மருத்துவமனையில் சேர்ந்தார். காசத்துக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதே வைத்தியம். படுக்கையில் இருந்தபடியே வரையத் தொடங்கிய ஹில், பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரையத் தூண்டினார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு வந்த வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1942இல் இந்த வேலைக்கு அவர் ஆர்ட் தெரபி என்று பெயர் வைத்தார். 1945இல் அதைப் பற்றி நூல் எழுதினார். நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில் 2001இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் பழைய காசநோய் மருத்துவமனை வளாகத்தில்தான் அமைந்தது. அப்படிப்பட்ட வார்டுகளில் நாள்கள் எவ்வளவு மெதுவாக நகரும் என்பது குமரி மாவட்டத்துப் பழைய குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிந்ததுதான்.

அதே ஆண்டுகளில் வேறு இடங்களிலும் இதே எண்ணம் முளைத்தது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள நெதர்ன் மனநல மருத்துவமனையில் எட்வர்ட் ஆடம்சன் 1946 முதல் 1981 வரை நோயாளிகளுக்கான ஓவியக்கூடத்தை நடத்தினார். நியூயார்க்கில் மார்கரெட் நாம்பர்க், படத்தை ஆழ்மனத்தின் பேச்சாக வைத்து உளப்பகுப்பாய்வோடு இணைத்தார்.

எடித் கிரேமரோ, வரைகிற செயலே ஆற்றும் என்றார். அவருக்கு அந்த நம்பிக்கையை ஊட்டிய ஆசிரியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரசின் முகாமில், கிடைத்த தாளையெல்லாம் சேர்த்துச் சிறுவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் அவர். 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவர் இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்துவிட்டுப் போன ஏறத்தாழ 4,500 படங்கள் பிழைத்தன; வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இத்துறையில் படிக்க வருகிற யாரும் முதலில் அறிய வேண்டிய வரலாறு இதுதான்.

பல்கலைக்கழகக் கதவு 1960களில் திறந்தது. பிரிட்டிஷ் கலைச் சிகிச்சையாளர் சங்கம் 1964இல் உருவானது. பிலடெல்பியாவின் ஹானமன் மருத்துவக் கல்லூரி 1967இல் முதல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்கச் சங்கம் 1969இல் வந்தது. பிரிட்டனில் 1997இல் இத்தொழிலுக்கு அரசுப் பதிவு வந்தது; இன்று பதிவு பெற்றவர் மட்டுமே தன்னை ஆர்ட் தெரபிஸ்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். பாடத்திட்டத்தில் உளவியல், மனநோயியல், குழந்தை வளர்ச்சி, தொழில் அறம் எல்லாம் உண்டு. ஆனால் படிப்பின் முதுகெலும்பு, மேற்பார்வையில் நடக்கும் களப்பயிற்சி. அமெரிக்காவில் அது குறைந்தது 700 மணி நேரம். பிரிட்டிஷ் மாணவர்கள் படிக்கும் காலத்தில் தாங்களும் ஒரு சிகிச்சையாளரிடம் போய் உட்கார வேண்டும் என்பது கட்டாயம். மிகச் சரியான விதி. தன் காயத்தின் மேல் தானே கைவைத்துப் பார்க்காதவர் பிறர் காயத்தைத் தொடக்கூடாது.

ஓவியமும் மருத்துவமும் ஒரே கையில் இருந்த மனிதரை நாஞ்சில் நாட்டின் பக்கத்து ஊரான நெய்யூர் கண்டிருக்கிறது. தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த அறுவை மருத்துவர். திரும்பும் வழியில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் அமைந்திருக்கக்கூடிய வாழ்க்கையை உதறி இங்கேயே தங்கினார். 1924இல் மறுபடி எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார். மலைகளை நீர்வண்ணத்திலும் பாஸ்டலிலும் வாழ்நாள் முழுக்க வரைந்தார். அவர் ஆர்ட் தெரபி செய்தவர் அல்ல. என்றாலும் வைத்தியரும் ஓவியரும் இருவேறு உலகத்தார் என்ற எண்ணத்துக்கு இந்த மண்ணிலேயே மறுப்பு உண்டு. தமிழகத்தில் அது இன்னும் பழையது: 1850இல் சென்னை ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டரும் ஒரு மருத்துவரே.

தமிழ்க் குழந்தைகளோடு இந்த வேலை ஆழமாக நடந்த இடம் இலங்கையின் மட்டக்களப்பு. போர் உச்சத்தில் இருந்த 1996இல் கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைக் குருவான பால் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சி அமைதிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். களிமண், வண்ணம், கதை, பாட்டு, தோட்டம் ஆகியவற்றின் நடுவே வாரந்தோறும் ஒரு பகல் இருந்துவிட்டுப் போனார்கள். நடந்ததைச் சொல் என்று யாரும் வற்புறுத்தவில்லை. கதையாகவோ மண்பொம்மையாகவோ அது தானே வெளிவரக் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பின் தேவையை 2004 டிசம்பர் 26 சுனாமி குமரிக் கரைக்கும் கொண்டுவந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்கள் சிதைந்தன. மணக்குடிப் பாலமே பெயர்ந்து போனது. தமிழகத்தில் நாகப்பட்டினத்துக்கு அடுத்து அதிக உயிர்களை இழந்தது இந்த மாவட்டம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் பயிற்றுவித்த தன்னார்வலர்கள் தமிழகக் கடற்கரை முகாம்களில் குழந்தைகளை வரையவும் விளையாடவும் கதை சொல்லவும் வைத்தார்கள். நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் முகாம் கலைந்த பிறகும் அதே பிள்ளையை மாதக்கணக்கில் பின்தொடரும் ஆள் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் கடலுக்குப் போன மீனவர்கள் திரும்பாமல் போனபோதும் அதே தேவை எழுந்தது. உடலே கிடைக்காத தகப்பனுக்காக அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாத ஒரு பிள்ளையின் நிலையைச் சில நாள் பயிற்சியால் கையாள முடியாது. படிப்பு என்பது அங்கேதான் வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் ஓவியம், நடனம், இசை வழிச் சிகிச்சைகளில் கிடைப்பவை பெரும்பாலும் டிப்ளமோக்களும் சான்றிதழ்ப் படிப்புகளும். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், கொல்கத்தா சன்வேத் அமைப்போடு சேர்ந்து நடன அசைவுச் சிகிச்சையில் டிப்ளமோ நடத்தியது. புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசைச் சிகிச்சைக்குத் தனித்துறையே உண்டு. சென்னையில் ஈஸ்ட் வெஸ்ட் கவுன்சலிங் மையம் ஓவியம், நாடகம், அசைவு எல்லாம் கலந்த எக்ஸ்பிரசிவ் ஆர்ட்ஸ் பயிற்சி தருகிறது.

நாகர்கோவில் மாணவர் ஒருவர் இன்று இந்தப் பாதையில் போக வேண்டுமானால், முதலில் உளவியலிலோ சமூகப் பணியிலோ பட்டம் வாங்குவது நல்லது. ஓவியப் பட்டத்தோடு வருகிறவர்களும் உண்டு. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளிலும், பக்கத்தில் திருவனந்தபுரத்திலும் அதைப் படிக்கலாம். ஆனால் அவர்கள் உளவியலைத் தனியாகக் கற்றாக வேண்டும். படித்து முடித்தவருக்குச் சிறப்புப் பள்ளி, போதை மீட்பு மையம், புற்றுநோய் வார்டு, முதியோர் இல்லம், பள்ளிக் கவுன்சலிங் என வேலை கிடைக்கிறது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993இல் தொடங்கப்பட்ட பேன்யன் போன்ற மனநல அமைப்புகள் தமிழகத்தில் இருக்கின்றன. நெய்யூரிலேயே புற்றுநோய் மையம் உண்டு. வேலைக்கு எடுக்கும்போது பதவிப் பெயர் பெரும்பாலும் கவுன்சலர் என்றோ ஸ்பெஷல் டீச்சர் என்றோதான் இருக்கும், சம்பளமும் அதற்கேற்பவே.

இதற்குக் காரணம் சட்டத்தில் இருந்தது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் பட்டியலிட்ட தொழில்களில் கலைச் சிகிச்சையாளர் இல்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோருக்கு இடம் உண்டு, இவருக்கு இல்லை. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் தன் அட்டவணையில் கலை, நடனச் சிகிச்சையாளரைச் சேர்த்தது. மாநில அளவில் கவுன்சில், பதிவேடு, பொதுப் பாடத்திட்டம் ஆகியவற்றுக்கும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நாகர்கோவில், மார்த்தாண்டம் கல்லூரிகளில் ஏதாவது ஒன்று, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியோடு கைகோத்து இந்தப் படிப்பைத் தொடங்குமானால், மாணவர்களின் களப்பயிற்சிக்கு மருத்துவமனையும் கடற்கரை ஊர்களும் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.