மருந்து வேலை செய்யாத வயல்

விவசாய இரசாயனங்களின் வரலாறு என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது கம்பனிகள், பசுமைப் புரட்சி, பிறகு வந்த தடைகள். எல்லாமே மனிதர் செய்தவை. இந்தக் கதையில் மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கு. அதை 'விஞ்ஞானப் பாடம்' என்று சொல்லி, கலைப்பீடத்துக்காரர் நாங்கள் கடந்து போயிடுறோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 2,4-டி என்ற களைநாசினி சந்தைக்கு வந்தது. 1940களின் கடைசியில் லண்டனில் ஓடஸ் என்ற தாவரவியலாளர் அதை ஒரே மண்ணினூடாகத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார். முதல் தடவை மெதுவாக மறைந்த மருந்து, அடுத்த தடவைகளில் வேகமாக மறைந்தது. மண்ணிலிருந்த பற்றீரியாக்கள் அதை உணவாக்கப் பழகியிருந்தன.

அடுத்த காட்சி பிலிப்பைன்ஸின் லொஸ் பாஞோஸ். 1960இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்குதான் இருக்கிறது. 1966இல் ஐஆர்8 நெல் அங்கிருந்து வெளிவந்தது. புது நெல்லோடு பசளையும் மருந்தும் சேர்ந்தே வந்தன. ஆனால் டயசினோனைத் திரும்பத் திரும்பப் போட்ட வயல்களில் அது வரவர நிற்காமல் போனது. 1973இல் சேதுநாதன், யோஷிடா என்ற ஆய்வாளர்கள் அதை உடைக்கும் பிளேவோபற்றீரியம் ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அது பரத்தியோனையும் உடைத்தது.

பூச்சியை விரட்ட வந்தவர்களுக்கு இது தோல்வி. "மருந்து வேலை செய்யேல்ல" என்றால் இன்னும் கூட அடிக்கத்தானே யோசிப்போம்? ஆனால் அதே தோல்வியிலிருந்துதான், நஞ்சான நிலத்தைப் பற்றீரியாவால் சுத்தமாக்கலாம் என்ற எண்ணமும் வலுத்தது.

பரத்தியோன் 1940களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் உருவாக்கியது. தபுன் என்ற நரம்பு நஞ்சைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். இயற்கையில் இல்லாத அந்தப் பொருளை உடைக்கும் நொதியம், சில பத்தாண்டுகளுக்குள் பற்றீரியாவிடம் இருந்தது. பிலிப்பைன்ஸ் பற்றீரியாவிலும் அமெரிக்காவில் கிடைத்த வேறொரு பற்றீரியாவிலும் அதற்கான பரம்பரையலகு ஒன்றேதான். இரண்டிலும் அது பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருந்தது. பிளாஸ்மிட்டுகள் ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியவை.

அப்ப பிரச்சினை முடிந்ததா? இல்லை. பரத்தியோன் உடைந்தால் வருவது பாரா-நைட்ரோபீனோல். அதுவும் நஞ்சு, அதை உடைக்க வேறு பற்றீரியா வேணும். டிடிடியிலிருந்து வரும் டிடிஈ மண்ணில் பல வருடம் கிடக்கும். ஆய்வுகூடத்துக் குடுவையில் நன்றாக வளரும் பற்றீரியா, வயலில் வெயிலோடும் பசியோடும் மற்ற நுண்ணுயிர்களோடும் போராட வேண்டும். அதனால்தான் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ, பற்றீரியாவை விட்டு நொதியத்தை மட்டும் எடுத்து, மருந்து கலந்த கழிவுநீரைச் சுத்தமாக்கும் வழிக்குப் போனது.

இலங்கை 1984இல் பரத்தியோனைத் தடை செய்தது. பற்றீரியாவின் வேலை தொடங்குவது மருந்து மண்ணில் விழுந்த பிறகு. தெளிக்கிறவரின் தோலுக்கும் மூச்சுக்கும் அது அதற்கு முதலே போய்விடும். அந்த இடத்தில் காப்பாற்றக்கூடியது தடை மட்டும்தான். "மண் தானாகச் சரியாகிவிடும், பயப்படாமல் அடியுங்கோ" என்று யாராவது சொன்னால், லொஸ் பாஞோஸ் வயல்களை அதற்குச் சாட்சியாக எடுக்க நாங்கள் விடக்கூடாது.