சுரங்கத் தேர்ச்சிப் பத்திரங்களும் அரசின் மேற்பார்வையும்: அரியலூர், பெரம்பலூர் வட்டாரம்

அபாயம் நிறைந்த ஒரு தொழிலைச் செய்ய இன்னார் தகுதியுடையவர் என்று பரீட்சித்து அத்தாட்சிப் பத்திரம் வழங்கும் வாரியத்தையும், அந்த வாரியத்தின் மீது அரசு செலுத்தும் மேற்பார்வையையும் ஒருங்கே வைத்து ஆராய்வதற்கு, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் சுரங்கங்களும் கல்குவாரிகளும் தக்க களமாகும். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் பிரிந்த அரியலூர், அடுத்த ஆண்டே மீண்டும் அதனுடன் இணைக்கப்பட்டு, 2007-இல் தனி மாவட்டமாக நிலைபெற்றது. கிரெடேசியஸ் யுகத்தில் இப்பிரதேசத்தை மூடியிருந்த கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பியே அரசின் டான்செம் ஆலையும், கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய் முதலிய இடங்களின் தனியார் சிமென்ட் ஆலைகளும் எழுந்தன. பெரம்பலூர்ப் பக்கத்திலோ கருங்கல்லை உடைத்து ஜல்லியாக்கும் குவாரிகளே மிகுதி.

இங்கே அதிகாரம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கல்லை வெட்டியெடுக்கும் குத்தகை பெரும்பாலும் மாநில அரசின் கையில் உள்ளது. சிறு கனிமங்களுக்கு 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் பொருந்துகின்றன. ஆனால் சுரங்கத்தில் உழைப்போரின் பாதுகாப்பு, அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் 55-ஆம் இனமாக வைக்கப்பட்டிருப்பதால், குவாரிக்கு அனுமதி தரும் மாவட்ட நிர்வாகத்துக்கு, அங்கே வெடி வைப்பவனுடைய தேர்ச்சியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை. அந்த உரிமை, 1902-இல் கல்கத்தாவில் தோன்றி 1908-இல் தன்பாத்துக்கு இடம்பெயர்ந்த சுரங்கப் பாதுகாப்புத் துறையைச் சார்ந்தது.

1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் அமைந்த 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளே சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் உரியவை. அவை ஏற்படுத்திய சுரங்கத் தேர்வு வாரியத்துக்குத் தலைமைச் சுரங்க ஆய்வாளர் பதவிவழித் தலைவர். சுரங்கக் கல்வித் தேர்ச்சியுள்ள ஐவரை மத்திய அரசு உறுப்பினராக நியமிக்கிறது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மானேஜர்கள், சர்வேயர், போர்மேன், மேட், பிளாஸ்டர் ஆகியோருக்குத் தனித்தனிப் பத்திரங்கள் உண்டு. மானேஜர் பத்திரம் பட்டதாரிக்குப் பெருமை சேர்ப்பதுதான். ஆயினும் துளைகளில் மருந்தை நிரப்பி, ஆட்களை அப்புறப்படுத்தி, வெடிக்காமல் எஞ்சிய துளையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிளாஸ்டரின் அறிவே அன்றாடம் உயிர்களைக் காப்பது என்பதால், அடித்தட்டுப் பத்திரங்களின் பரீட்சையைத்தான் வாரியம் மிகுந்த சிரத்தையோடு நடத்தவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

தொழில் வாரியங்களை அரசு ஏன் கண்காணிக்க வேண்டும் என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. வட கரோலினா மாநிலத்துப் பல் மருத்துவ வாரியத்தின் எட்டு உறுப்பினரில் அறுவர் தொழில் புரியும் பல் மருத்துவர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் பல் மருத்துவர்களே. பற்களை வெண்மையாக்கும் பணியைக் குறைந்த கட்டணத்தில் செய்துவந்த பிறரை வாரியம் கடிதங்களால் அச்சுறுத்தி விலக்கியபோது விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015-இல் ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக வழங்கிய தீர்ப்பு, தொழிலில் ஈடுபட்டிருப்போரின் ஆதிக்கத்திலுள்ள வாரியம் அரசின் பெயரைக் கேடயமாகப் பிடிக்க வேண்டுமானால், வாரியத்தின் முடிவை அதன் சாரத்தோடு ஆராய்ந்து, வேண்டாதபோது தள்ளவும் திருத்தவும் அதிகாரம் படைத்த, அத்தொழிலில் லாப நோக்கம் இல்லாத ஒருவருடைய மேற்பார்வை உண்மையில் நடைபெற வேண்டும் என்று விதித்தது.

அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்து வைத்தால், நம்முடைய குறை வேறு திசையில் இருப்பது புலப்படும். தேர்வு வாரியத்தின் தலைமை அரசிடமே இருப்பதால், சுரங்க முதலாளிகள் தம் போட்டியாளரை விலக்க அதைக் கருவியாக்குவது எளிதன்று. ஆனால் பரீட்சை வைப்பதும், பத்திரம் தருவதும், சுரங்கத்தைச் சோதிப்பதும், தவறு கண்டால் பத்திரத்தைப் பறிப்பதும் ஒரே துறையின் காரியங்களாகின்றன. கவனக்குறைவாக நடந்ததாகக் கருதப்படும் மேட் அல்லது பிளாஸ்டரின் எழுத்து விளக்கத்தைக் கேட்டபின் மண்டல ஆய்வாளர் பத்திரத்தை நிறுத்திவைக்கலாம். அந்த ஆணையை உறுதிசெய்வதும் தளர்த்துவதும் பத்திரத்தையே ரத்துசெய்வதும் தலைமை ஆய்வாளரின் உரிமை. தொழிலாளர் பிரதிநிதி இருவருக்கும் முதலாளிகளின் பிரதிநிதி இருவருக்கும் இடம் தரும் குழு ஒன்றைச் சுரங்கச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு வேறு காரியங்களுக்காக அமைத்திருந்த நிலையில், ஓர் எளிய பிளாஸ்டரின் ஜீவனம் தீர்மானிக்கப்படும் விசாரணையிலும் அத்தகைய பிரதிநிதித்துவம் இருந்திருப்பின் நியாயம் இன்னும் துலங்கியிருக்கும். 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் பழைய சுரங்கச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டு 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது.

இத்தனை ஏற்பாடுகளின் எல்லைக்கு வெளியே நிற்பவை சிறு குழிகள். ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாமலும், ஒரு நாளில் ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாமலும், வெடிமருந்து உபயோகிக்காமலும் கட்டடக்கல், சாலை ஜல்லி, சுண்ணாம்புக்கல் முதலியவற்றை எடுக்கும் திறந்தவெளிக் குழிகளுக்கு 1952 சட்டத்தின் 3-ஆம் பிரிவு பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தடையும், ஆய்வாளர் உள்ளே சென்று பார்க்கும் உரிமையும் உள்ளிட்ட சில விதிகள் மட்டும் அங்கும் செல்லுபடியாயின. கூலிக்கு வருகிற குடும்பங்கள் ஒன்றாக நின்று கல்லுடைக்கும் இடங்களில் இவ்விரண்டும் அற்ப விஷயங்கள் அல்ல. குழி ஆறு மீட்டரைத் தாண்டிய கணமே, அல்லது முதல் வெடி வைக்கப்பட்ட கணமே, முழுச் சட்டமும் தானாகப் பாய்ந்து, பத்திரம் பெற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆயினும் அந்த மாற்றத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமையை அந்தச் சட்டம் குவாரி உரிமையாளரிடமே ஒப்படைத்திருந்தது.