'ஸ்னப் நோஸ்' ரிவால்வர்: குழல் எத்தனை அங்குலம்?

ரிவால்வர்களில் குழல் மிகக் குட்டையாக இருப்பதை ஆங்கிலத்தில் 'ஸ்னப் நோஸ்' என்பார்கள். சப்பை மூக்கு என்று பொருள். எத்தனை அங்குலம் வரை இப்பெயர் பொருந்தும் என்பதற்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான சட்ட வரையறை இல்லை. 3 அங்குலமும் அதற்குக் குறைவும் என்பதே பொதுவான வழக்கு. பெரும்பாலானவை 2 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். 4 அங்குலக் குழலை யாரும் இப்பெயரால் அழைப்பதில்லை. அது சீருடைப் போலீசார் இடுப்பில் கட்டிய வழக்கமான அளவு.

அளக்கும் முறையில்தான் பலர் குழம்புகிறார்கள். ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உருளைக்கு முன்னால் தொடங்கி குழல் வாய் வரை மட்டுமே அளவு. மேகசின் பொருத்தும் பிஸ்டலில் தோட்டா அமரும் அறையும் சேரும். ஆகவே இரண்டின் அங்குலத்தையும் அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. சிறிய பிஸ்டலையும் 'ஸ்னப் நோஸ்' என்று செய்திகளில் எழுதுவதுண்டு, அது பிழை.

1927இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' இவ்வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. 2 அங்குலக் குழல், ஆறு தோட்டா. சாதாரண உடையில் உலவும் துப்பறிவாளர்கள் கோட்டுக்குள் மறைத்து வைக்க உகந்தது. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஐந்தே தோட்டாவுடன் இன்னும் சிறிதாக 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' செய்தது.

மறைப்பது எளிது, குறி வைப்பது கடினம். முன், பின் குறிமுனைகள் நெருங்கியிருப்பதால் கை சற்று ஆடினாலும் குண்டு விலகிப் போகும். குண்டின் வேகமும் குறையும். காலித் தோட்டாக்களைத் தள்ளும் கம்பியும் குட்டை என்பதால் சில நேரம் அவை முழுதாக வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும்.

ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இந்தக் குறைகள் எதுவும் உதவாது. 1963 நவம்பர் 24ஆம் தேதி, கென்னடி கொலையில் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டை டல்லஸ் போலீஸ் தலைமையகத்தில் வைத்தே ஜாக் ரூபி சுட்டான். தொலைக்காட்சி நேரலையில் நாடே பார்த்தது. கையிலிருந்தது கோல்ட் கோப்ரா, ஒரே குண்டு.

மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற இந்த அச்சத்தால்தான் கனடா சட்டத்திலேயே கோடு போட்டுவிட்டது. அங்கு 105 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான குழல் கொண்ட கைத்துப்பாக்கி தடை செய்யப்பட்ட வகையில் சேரும். அந்தக் கணக்கில் 4 அங்குல ரிவால்வரும் தப்புவதில்லை.