'தோட்டம்' என்றால் பூந்தோட்டமா, பால்மரத் தோட்டமா? ஒரு சொல்லின் பொருள் எங்கே இருக்கிறது?

பந்திங்கில் ஒருவர் "நாங்க தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க" என்று சொன்னால், அவர் ரோஜாச் செடிகளுக்கு நடுவே வளர்ந்தார் என்று யாரும் நினைப்பதில்லை. பால்மரம், செம்பனை, வரிசை வீடுகள், ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். இதையே மதுரைப் பக்கம் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் மனதில் கிணறும் வாழையும் கத்திரிச் செடியும் வரும். எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றுதான். பொருள் மட்டும் எப்படி வேறானது?

இந்த மாதிரிக் கேள்விகளை ஆராயும் துறைதான் பொருண்மையியல். ஆங்கிலத்தில் செமாண்டிக்ஸ் என்பார்கள். 1883-இல் மிஷேல் பிரேயால் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தார். பெயர்தான் புதுசு, கேள்வி ரொம்பப் பழசு.

தொல்காப்பியத்தில் உரியியல் என்று ஒரு பகுதி உண்டு. அகராதி எழுதுகிற எவருக்கும் தலைவலி தரும் விஷயம் ஒன்றை அங்கே தொல்காப்பியர் தொட்டுவிடுகிறார். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லால் விளக்கலாம். ஆனால் அந்த விளக்கத்துக்கு விளக்கம், அதற்கும் ஒரு விளக்கம் என்று கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையே இல்லை என்கிறார். ஒரு சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் வந்தது என்பதும் பார்த்தவுடன் விளங்கிவிடாது என்கிறார். பின்னால் வந்த நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரித்தது. இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு கிடையாது என்று ஃபெர்டினான்ட் டி சொசூர் சொன்னது அவர் இறந்த பிறகு, 1916-இல் நூலாக வந்தது. இருபதாம் நூற்றாண்டு மொழியியலுக்கே அதுதான் அடித்தளம் ஆனது.

தமிழில் 'பொருள்' என்ற சொல்லே ஒரு சின்னச் சிக்கல். அர்த்தம், பண்டம், செல்வம் மூன்றுக்கும் அதுவே பெயர். ஜெர்மானியத் தத்துவவாதி கோட்லோப் ஃப்ரேகே 1892-இல் ஒரு சொல் சுட்டும் பண்டத்தையும், அதை அது காட்டும் விதத்தையும் தனித்தனியாகப் பிரித்தார். விடிவெள்ளி, அந்திவெள்ளி இரண்டும் ஒரே கோளைத்தான் சுட்டுகின்றன. ஆனால் ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்றொன்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவர் பாடுபட்டுப் பிரித்த இரண்டையும் நாம் ஒரே சொல்லில் வைத்துப் புழங்குகிறோம், என்ன செய்வது!

கூலி: சம்பளம் ஆளாக மாறிய கதை

பொருள் நகர்வது வெறும் மொழி விளையாட்டு இல்லை. அதில் மனிதர்கள் மாட்டிக்கொள்வதும் உண்டு. தமிழில் 'கூலி' என்றால் செய்த வேலைக்குக் கிடைக்கும் பணம். அதே சொல் ஆங்கிலத்திலும் மலாயிலும் அந்த வேலையைச் செய்யும் ஆளின் பெயராகிவிட்டது. (குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. தமிழ்க் கூலிதான் வேர் என்பவர்களும் உண்டு.) பணத்தைக் குறித்த சொல் மனிதர் மேல் ஒட்டி, கடைசியில் வசையாகவே ஆனது. ஒரு சொல் எதைச் சுட்டுகிறது என்பது ஒரு பாதி. அதைக் கேட்பவருக்கு எப்படி வலிக்கிறது என்பது இன்னொரு பாதி. இரண்டாவதை உணர்வுப் பொருள் என்பார்கள். அகராதியைப் புரட்டினால் முதல் பாதி கிடைத்துவிடும். இரண்டாவதை வாங்கிக் கட்டிக்கொண்டவரிடம்தான் கேட்க வேண்டும்.

எல்லாப் பயணமும் இப்படிக் கசப்பானதல்ல. மலாய் மொழியின் 'கெடாய்' நம் கடை. வியாபாரத்துக்குப் போடும் பணமான 'மோடால்' நம் முதல். 'கோலாம்' நம் குளம். நீச்சல் குளத்துக்கும் அதே சொல்தான். இவற்றுள் எனக்குப் பிடித்தது 'சூமா'. நம் சும்மாதான் அங்கே போய் 'மட்டும்', 'வெறுமனே' என்று சுருங்கி நிற்கிறது. ஓய்வு, இலவசம், விளையாட்டு, எப்போதும் என்று தமிழில் சும்மாவுக்கு இருக்கும் மற்ற பொருள்கள் எல்லையிலேயே நின்றுவிட்டன.

ஊர் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பந்திங்' என்றால் மலாயில் ஓங்கி அடிப்பது, வீசி எறிவது. 'துலாங்' என்றால் எலும்பு. இரண்டையும் சேர்த்தால் எலும்பை அடித்துப் போடுவதா? இல்லை, 'பந்திங் துலாங்' என்றால் பாடுபட்டு உழைப்பது. சொற்களின் பொருளைக் கூட்டினால் வாக்கியத்தின் பொருள் வந்துவிடும் என்ற கணக்கு மரபுத்தொடர்களிடம் பலிக்காது.

அடுத்தது சூழல். பந்திங்கில் ஒருவர் "லிட்டில் இந்தியா போறேன்" என்றால் அநேகமாகக் கிள்ளான் தெங்கு கெளானா சாலையைத்தான் சொல்கிறார். கோலாலம்பூர்க்காரர் சொன்னால் அது பிரிக்ஃபீல்ட்ஸ். சொல்லுக்குள் பொருளைத் தேடாதே, அது எப்படிப் பயன்படுகிறது என்று பார் என்பது லுட்விக் விட்கென்ஸ்டைனின் வாதம். 1953-இல் வெளிவந்த அவருடைய நூலில் இது விரிவாக உள்ளது.

உளவியலாளர்களோ மனதுக்குள் பார்த்தார்கள். 1970-களில் எலனோர் ராஷ் செய்த ஆய்வுகளின்படி, நாம் ஒரு வகையைக் கறாரான விதியால் அல்ல, நல்ல உதாரணத்தால்தான் நினைவில் வைத்திருக்கிறோம். பறவை என்றதும் சிட்டுக்குருவி வரும், பென்குயின் தாமதமாகத்தான் வரும். தமிழ் வீட்டில் பூசைக்குப் "பழம் வாங்கிட்டு வா" என்றால் டுரியானோடு யாரும் வர மாட்டார்கள்.

கணினிக்கு 'பால் வெட்டு' புரியுமா?

இன்று பொருளைப் பற்றிய மிகப் பெரிய பரிசோதனை கணினியில் நடக்கிறது. ஒரு சொல்லை அதன் பக்கத்தில் வரும் சொற்களை வைத்தே அறியலாம் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1957-இல் எழுதினார். 2013-இல் கூகள் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேர்ட்டுவெக் என்ற முறை அதே யோசனையைக் கணக்காக மாற்றியது. ஒவ்வொரு சொல்லுக்கும் நீளமான எண் வரிசை ஒன்று கிடைக்கும். ஒரே மாதிரிச் சூழலில் வரும் சொற்களின் எண்கள் நெருங்கி நிற்கும். இன்றைய சாட்பாட்களின் அடியிலும் இதே எண்ணம் வளர்ந்த வடிவில் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பக்கத்துச் சொற்கள் எந்த ஊரிலிருந்து வருகின்றன என்பதில். இணையத்தில் இருக்கும் தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் எழுதப்படுவது. அங்கே 'தோட்டம்' பூக்களோடும் காய்கறிகளோடும்தான் அதிகம் வரும். "பாட்டி நாலு மணிக்கே எழுந்து பால் வெட்டப் போயிடுவாங்க" என்ற வாக்கியத்தில் மாடு எங்கும் இல்லை. ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் இறக்குவதைத்தான் அது சொல்கிறது. அந்த உலகத்தைப் பற்றிப் போதிய எழுத்து இல்லாதபோது, எண்கள் பசும்பால் பக்கம் சாய்வதில் வியப்பில்லை. கணினி வேண்டுமென்று செய்வதில்லை, அதற்குக் கிடைத்த தமிழ் அவ்வளவுதான்.

எழுத்து நிறையக் கிடைத்தால் மட்டும் புரிந்துவிடுமா? ஜான் சர்ல் 1980-இல் ஒரு கற்பனை அறையைக் காட்டினார். உள்ளே சீன மொழி தெரியாத ஒருவர், விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சீன எழுத்துகளை மாற்றி மாற்றி வெளியே தருகிறார். வெளியில் இருப்பவர் உள்ளே சீனம் தெரிந்த ஆள் இருப்பதாக நம்புகிறார். பத்து ஆண்டு கழித்து ஸ்டீவன் ஹார்னாட் கேட்டார்: குறிகளைக் குறிகளாலேயே விளக்கிக்கொண்டு போனால் அவை உலகத்தை எங்கே தொடும்? உரியியலின் முடிவில்லாத விளக்கச் சங்கிலி ஞாபகம் வருகிறதா? இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

நம் பக்கத்தில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பட்டணத்துக்கு இடம் மாறிய சில தமிழ்ப்பள்ளிகள் இன்னமும் பெயரில் 'லாடாங்' என்ற சொல்லைச் சுமக்கின்றன, சுற்றிலும் தோட்டம் இல்லை. பெரட்டு, ஆயாக்கொட்டகை, கிராணி போன்ற சொற்களைச் சொன்னதும் காட்சி விரிவது தாத்தா பாட்டிகளின் மனதில்தான். 1992-இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பின்னர் வந்த பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளையும் சேர்த்துக்கொண்டது. தோட்டத்துச் சொற்களையும் அப்படித் தொகுக்கலாம். சொல்லோடு அது வந்த முழு வாக்கியத்தையும் சேர்த்தே எழுதி வைப்பது நல்லது. 'பால் வெட்டு' என்பதைத் தனியாக எழுதினால் பாதிதான் கிடைக்கும். எத்தனை மணிக்கு, எந்தக் கத்தியால், எந்த வாளியில் என்று பாட்டி சொல்வதையும் சேர்த்து எழுதினால்தான் படிப்பவருக்கும் கணினிக்கும் அது எந்தப் பால் என்று தெரியும்.