தோற்பை சொல்லும் வரலாறு



வரலாறு என்றதும் மாணவர்களின் நினைவுக்கு வருவன ஆண்டுகளும் பெயர்களுமே. ஒரு பழைய பையைத் திறந்து காட்டியும் வரலாற்றைக் கற்பிக்கலாம். அமெரிக்காவின் ராக்கி மலைகளில் திரிந்த வேட்டையர்களின் தோற்பை அதற்கு நல்லதொரு சான்றாகும்.

அக்காலத்தில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் விரும்பி அணிந்த தொப்பிகள், பீவர் எனும் விலங்கின் மென்மயிரால் செய்யப்பட்டவை. அவ்விலங்கைத் தேடி மிசௌரி ஆற்றின் மேற்பகுதிக்குச் செல்ல நூறு இளைஞர்கள் தேவையென, 1822-இல் வில்லியம் ஆஷ்லி என்பவர் செயிண்ட் லூயிஸ் நகரில் விளம்பரம் செய்தார். 1825 முதல் 1840 வரை, பெரும்பாலும் ஆண்டுதோறும், மலையகத்தில் கோடைச் சந்தை கூடியது. வேட்டையர்கள் தோல்களைக் கொடுத்து வெடிமருந்தும் ஈயமும் காப்பியும் பெற்றனர்.

அவர்களது துப்பாக்கியில் குழலின் வாய் வழியாகவே மருந்து இடவேண்டும். மாட்டுக் கொம்புக் குடுவையிலிருந்து மருந்தை அளந்து ஊற்றி, கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை தள்ளவேண்டும். கொம்பு எடை குறைந்தது, ஈரம் புகாதது, தீப்பொறி எழுப்பாதது. குண்டு வார்க்கும் அச்சு, துணி, சக்கிமுக்கிக் கல், தீமூட்டும் எஃகு ஆகியன தோளில் தொங்கிய தோற்பையில் இருந்தன. அருகில் கடை ஏதும் இல்லாத காட்டில் அப்பையே அவர்களுக்கு உயிர்.

இதற்கு ஹியூ கிளாஸ் என்பவரின் கதை சான்று பகரும். 1823-இல் கரடியால் குதறப்பட்ட அவர் இறந்துவிடுவார் எனக் கருதிய தோழர்கள் இருவர், அவரது துப்பாக்கியையும் உடைமைகளையும் எடுத்துக்கொண்டு அகன்றனர். அவரோ தவழ்ந்தும் நடந்தும் நெடுந்தொலைவிலிருந்த கயோவா கோட்டையை அடைந்து உயிர் பிழைத்தார்.

இன்று அக்கால வாழ்வை நடித்துக் காட்டும் ஆர்வலர்கள், அதே முறையில் தோலை வெட்டி, கையாலேயே தைத்துப் பைகளைச் செய்கின்றனர். போற்றத்தக்க உழைப்பு அது. எனினும், அந்நடிப்பில் எளிதில் மறைந்துபோகிறவர்களும் உண்டு. மான்தோலை விலங்கின் மூளையால் தேய்த்து மென்மையாக்கி, புகையூட்டிப் பதனிடும் கலை பூர்வகுடி மக்களுடையது. அவ்வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். வேட்டையர் பலர் அம்மக்களிடையே மணம் முடித்தனர். அம்மனைவியர் பதனிட்டுத் தைத்த தோலாடைகளையே அவர்கள் அணிந்தனர். வேட்டையரின் பெயர்கள் நூல்களில் நிலைத்தன. அப்பெண்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

பீவர்களும் அருகின. 1830-களில் பட்டுத் தொப்பி புகழ்பெற, தோலின் விலை வீழ்ந்தது. 1840-இல் கடைசிச் சந்தை கூடிக் கலைந்தது.

எனவே, வகுப்பில் ஒரு பழம்பொருளைக் காட்டும்போது, "இதைப் பயன்படுத்தியவர் யார்?" என்பதோடு நிறுத்திவிடாமல், "இதைச் செய்த கைகள் யாருடையவை? இதற்காக அழிந்தது எது?" என்றும் வினவுவோம். வீட்டில் பாட்டியின் பழைய பெட்டியைத் திறக்கும் பெற்றோரும் இவ்வினாக்களைப் பிள்ளைகளிடம் கேட்கலாம். வீரத்தை மட்டும் கற்பித்தால் அது பாதி வரலாறே. மீதிப் பாதியையும் நம் பிள்ளைகளுக்குத் தருவது நம் கடமையன்றோ?