ஆஃபர் லெட்டரில் ‘ஃப்ளெக்ஸி மெடிக்கல்’: உண்மையிலேயே வரி மிச்சமாகுமா?

தாணே வாக்ளே எஸ்டேட்டிலோ பக்கத்து ஐரோலியிலோ வேலைக்குச் சேர்ந்தால், சம்பள விவரத்தில் ‘ஃப்ளெக்ஸி பெனிஃபிட்’ என்று ஒரு பகுதி இருக்க வாய்ப்புண்டு. மெடிக்கல், சாப்பாட்டு கூப்பன், போன் பில் என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இருக்கும் நண்பர் சொல்லும் ‘எஃப்.எஸ்.ஏ.’தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

அங்கே மருத்துவத்துக்கு ஒரு கணக்கு, குழந்தை அல்லது முதியவர் பராமரிப்புக்கு இன்னொன்று. ஆண்டு தொடங்கும்போதே தொகையைச் சொல்லிவிட வேண்டும். வரி கணக்கிடும் முன்பே அது சம்பளத்தில் பிடிக்கப்படும். பராமரிப்புக் கணக்கின் உச்சவரம்பு பொதுவாக குடும்பத்துக்கு 5,000 டாலராக இருந்தது, 2026 முதல் 7,500. செலவழிக்காத பணம் பெரும்பாலும் போச்சு.

இங்கே அதற்கு ஓரளவு நெருக்கமாக இருந்தது மெடிக்கல் பில் சலுகை. ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை பில் கொடுத்தால் வரி கிடையாது. 2018 பட்ஜெட் அதை எடுத்துவிட்டு நிலையான கழிவைக் கொண்டுவந்தது. ஆக, இன்று ‘மெடிக்கல் அலவன்ஸ்’ என்று எவ்வளவு போட்டாலும் அது சம்பளம்தான், முழுக்க வரி உண்டு. மருந்துக்கடை பில்லைத் தேடி அலைய வேண்டாம்.

சரி, எதில்தான் லாபம்?

கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டில். கம்பெனி கட்டும் பிரீமியம், பழைய வரிமுறையோ புதியதோ, உங்கள் வருமானத்தில் சேராது. அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். குழு பாலிசிகள் பலவற்றில் சர்க்கரை, பிபி போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் உடனே கவர் உண்டு. தனியாக எடுத்தால் அதற்கு 3 ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். ஊரிலிருந்து பெற்றோரைத் தாணேக்கு அழைத்துவர நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. ஆனால் பெயர் சேர்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் வேலையில் சேரும்போதும் ஆண்டுப் புதுப்பிப்பின்போதும்தான். மெயிலைக் கவனிக்காமல் விட்டால் ஒரு வருஷம் போய்விடும். வேலையை விட்டால் கவரும் பொதுவாக அதோடு முடியும் என்பதால், தனி பாலிசி ஒன்றும் கையில் இருப்பது நல்லது.

பெற்றோருக்கான பிரீமியத்தை உங்கள் சம்பளத்தில் பிடித்தால், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 80டி பிரிவில் 50,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம். பாலிசியே இல்லையென்றால் அவர்களின் மருத்துவச் செலவுக்கும் இதே வரம்பு, ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. 30% வரி அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 15,600 ரூபாய் மிச்சம். பழைய வரிமுறையில் மட்டும்! 2025-26 கணக்கில் சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருந்து, வேறு வருமானமும் இல்லையென்றால் புதிய முறையில் வரியே இல்லை. கழிவைத் தேடுவதில் அர்த்தமில்லை.

குழந்தை பராமரிப்புக்கு வரிச்சலுகை கிட்டத்தட்ட பூஜ்யம். பழைய முறையில் கல்விப்படி விலக்கு ஒரு குழந்தைக்கு மாதம் 100 ரூபாய்; 2025-26 கணக்கிலும் அதே 100தான், செம்பூரில் ஒரு நாள் டேகேருக்குக்கூடக் காணாது. ஆனால் சட்டம் வேறொன்று தருகிறது. 2017 மகப்பேறு சலுகைத் திருத்தத்தின்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்க்கலாம். அதற்குப் பதிலாக ‘டேகேர் அலவன்ஸ்’ என்று பணமாகத் தந்தால், அதற்கு வரி பிடித்த பிறகு கையில் எவ்வளவு வரும் என்று ஹெச்.ஆரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.