கோப்பும் உரிமையும்

சென்ற ஆண்டு என் தமையனார் காலமானார். அவரும் நானும் பல ஆண்டுகள் ஒரே கணினியில் எழுதி வந்தவர்கள். அந்தக் கணினி பழுதுற்றமையால் வேறொன்றில் லினக்ஸ் முறைமையைப் புதிதாக நிறுவி, எங்கள் இருவர் எழுத்துக்களும் அடங்கிய பழைய வட்டை அதனோடு இணைத்தேன். என் குறிப்புக்களைத் திறக்க முயன்றேன். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று விடை வந்தது. நானே எழுதியவற்றை நான் பார்க்க அனுமதி இல்லையாம்! வியப்பு அத்தோடு நிற்கவில்லை. தமையனார் தமக்கு மட்டுமே என்று அடைத்து வைத்திருந்த கடிதங்கள் எனக்குத் தடையின்றித் திறந்து கிடந்தன. இஃது எங்ஙனம் நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தபோது அறுபது ஆண்டு வரலாறு ஒன்று என் முன் விரிந்தது.

கணினி தோன்றிய நாளில் ஒருவர் வேலை முடிந்த பின்னரே மற்றவர் வேலை தொடங்கும். அப்பொழுது 'இஃது யாருடைய கோப்பு?' என்ற வினாவுக்கே பெரிதும் இடமில்லை. 1961 நவம்பரில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் குழுவினரும் சி.டி.எஸ்.எஸ். என்னும் முறைமையை இயக்கிக் காட்டினர். பலர் ஒரே நேரத்தில் ஒரே பொறியைப் பகிர்ந்து கொள்ளும் முறை அது. பலர் கூடும் சத்திரத்தில் பெட்டிக்குப் பூட்டு வேண்டாமா? ஆகவே கடவுச்சொல் வந்தது. ஆயினும் 1966-இல் ஒரு நாள் உள்ளே நுழைந்தவர் அனைவருக்கும், அன்றாட அறிவிப்பு வர வேண்டிய இடத்தில், எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன! அறிவிப்பை ஒருவரும் கடவுச்சொற் கோப்பை ஒருவருமாக ஒரே வேளையில் திருத்தப் புகுந்தனர். திருத்தும் நிரலோ இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு அமைத்தது. இரண்டும் இடம் மாறின. பொல்லாங்கு நினைத்தவர் எவரும் இல்லை. கதவுக்குக் காவல் போட்டால் போதாது, ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக்காவல் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று நான் அறியேன்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் முறைமைக்கு வித்திட்டனர். 1971 நவம்பரில் வெளிவந்த அதன் முதற் கையேட்டிலேயே உரிமையை மாற்றும் கட்டளையும் உரிமையாளரை மாற்றும் கட்டளையும் இடம் பெற்றுள்ளன. 1974-இல் அவ்விருவரும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கோப்புக்கு ஏழு காப்புக் குறிகள். படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்றும் உரிமையாளருக்கு ஒரு முறை, ஏனையோருக்கு ஒரு முறை, ஆக ஆறு. 1978-இல் திருத்தி வெளியிட்டபோது இடையிலே 'குழு' புகுந்தது, குறிகள் பத்தாயின. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று கூட்டி எழுதுவது வழக்கம். 700 என்றால் உரிமையாளருக்கு எல்லாம்; மற்றவருக்கு ஒன்றும் இல்லை. நானும் தமையனாரும் எங்கள் கோப்புறைகளுக்கு இட்டிருந்த எண் அதுவே.

எஞ்சிய ஒரு குறி யாது? அதுவே ரிச்சியின் நுட்பம். கடவுச்சொற் கோப்பைத் தலைமைப் பயனரன்றி எவரும் தொடலாகாது. ஆனால் ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக் கொள்ளவும் வேண்டும். இம்முரணை எவ்வாறு தீர்ப்பது? குறிப்பிட்ட நிரலை இயக்குபவர், அது இயங்கும் வரை, அதன் உரிமையாளரின் அதிகாரத்தைக் கடனாகப் பெறுவார். 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் ரிச்சி இதற்குக் காப்புரிமை பெற்றார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இவ்வேற்பாட்டை அப்படியே எடுத்துக் கொண்டது.

என் இடருக்கு நண்பர் ஒருவர் மருந்து சொன்னார்: "எல்லாவற்றுக்கும் 777 என்று போட்டுவிடு." எல்லாருக்கும் எல்லா உரிமையும் என்பது அதன் பொருள். முறைமையைப் புதிதாக நிறுவுவோர் பலரும் கேட்கும் அறிவுரை இது; கேளாதிருத்தல் நலம். முறைமைக் கோப்புக்களுக்கு இதைச் செய்தால், நான் சொன்ன அந்த ஒற்றைக் குறி நிரல்களினின்று அழிந்துபோகிறது. தலைமை அதிகாரத்தைக் கடனாகத் தரும் 'சூடோ' என்னும் நிரல் உடனே வேலை செய்ய மறுக்கிறது. ஊரார்க்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்காரர் வெளியே நிற்பதுதான் மிச்சம்!

பட்டியலை விரிவாகக் கேட்டுப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. உரிமையாளர் பெயர் நிற்க வேண்டிய இடத்தில், என் கோப்புறைக்கு எதிரே 1001 என்னும் வெற்றெண் நின்றது. தமையனார் கோப்புறைக்கு எதிரே என் பெயர் நின்றது! வட்டில் எழுதப்படுவது பெயர் அன்று, எண் மட்டுமே. எந்த எண் எவருக்கு உரியது என்பதை அந்தந்தக் கணினியில் உள்ள பட்டியலே சொல்லும். பழைய கணினியில் முதலிற் பதிந்தவர் மூத்தவர். அவருக்கு 1000, எனக்கு 1001. புதியதில் பதிந்தவன் நான் ஒருவனே. ஆதலின் 1000 எனக்கு வந்தது. முறைமை பிழை செய்யவில்லை. தான் அறிந்த எண்ணுக்கு உரியதை அந்த எண்ணுக்குக் கொடுத்தது, அவ்வளவே.

உரிமையாளரை மாற்றும் கட்டளை ஒன்றே போதும். வட்டு முழுவதும் எனதாகிவிடும். கட்டளையை எழுதியும் விட்டேன். அதை இயக்கும் விசையை அழுத்தக் கை வரவில்லை. அக்கடிதங்களில் என்ன இருந்ததென்று நான் பார்க்கவில்லை. தலைமைப் பயனராகிய என்னால் எந்நேரமும் அவற்றைத் திறக்க முடியும் என்பதையும் அறிவேன்.

கட்டளையை அழித்தேன். நிறுவியிருந்ததைக் களைந்து மறுமுறை தொடக்கத்திலிருந்து நிறுவினேன். முதற் பயனர் பெயர் என்ன என்று கேட்ட இடத்தில் தமையனார் பெயரை எழுதினேன். அடுத்து என் பெயரைப் பதிந்தேன். என் குறிப்புக்கள் திறந்தன. அவருடைய கோப்புறையைத் தொட்டுப் பார்த்தேன். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தது.